பூட்டிய வீட்டு ரீடிங்

மீட்டர் என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும்தான் இருந்தது. இருபத்தாறு வருடம் மின்வாரியத்தில் வீடு வீடாக ரீடிங் எடுத்தவர். ஊரின் கிழக்குப் பகுதியில் அவர் நுழையாத சந்து இல்லை, அவரைப் பார்த்துக் குரைத்து அலுத்துப்போகாத நாய் இல்லை. எந்த வீட்டில் மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, எந்த வீட்டில் அதன்மேல் ஈரத்துண்டைப் போட்டுவைப்பார்கள், எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு மீட்டர் கேட்டு மனுப் போட்டார்கள், எல்லாம் அத்துப்படி.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வீடு பூட்டியிருந்தால் இன்னொரு நாள் வந்து பார்க்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு முடிக்க வேண்டும் என்பதும் வாரியத்தின் விதிதான். இரண்டையும் ஒரே ஆள் ஒரே ஜோடிக் காலால் செய்ய முடியாது. அதனால் போன மூன்று மாதக் கணக்கைப் பார்த்து, சராசரியாக ஓர் எண்ணை எழுதிவிட்டு, தன் கைநோட்டில் மட்டும் அந்த வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சுழி போட்டுக்கொள்வார். பூட்டிய வீடு என்று அர்த்தம். அடுத்த மாதம் கதவு திறந்திருக்கும்போது உண்மையான எண் வந்துவிடும், கூடினதும் குறைந்ததும் தானாகச் சரியாகிவிடும். இருபத்தாறு வருடத்தில் ஒருவர்கூட அதற்காக அவர் சட்டையைப் பிடித்ததில்லை.

உள்நாட்டுச் சண்டையின் நான்காம் வருடத்தில் மின்கோபுரங்கள் சாய்ந்தன. மீட்டர் சக்கரங்கள் அந்தந்த எண்ணிலேயே நின்றன. அவர் மட்டும் பழக்கதோஷத்தில் ஒரு வாரம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“ஊரே இருட்டுல கெடக்கு. நீங்க போய் எதைப் படிக்கப் போறீங்க?” என்றாள் மனைவி. அன்றைக்குப் பையை ஆணியில் மாட்டினவர்தான்.

பிறகு ஆற்றுக்கு இந்தப் பக்கம் மட்டும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்தப் பக்கம் இன்னும் ஓயவில்லை. காற்று திரும்பினால் சத்தம் கேட்கும். ஓய்ந்த பகுதிக்கு முதலில் வந்தவை தண்ணீர் லாரிகள், அடுத்து வந்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். போரில் எந்தப் பக்கமும் சேராமல் இரண்டு பக்கத்துக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் அரசு, அடுத்த மூன்று வருடத்துக்கு இங்கே எதைத் தாங்கிப்பிடிக்கலாம் என்று திட்டம் எழுதப்போவதாகச் செய்தி வந்தது. சமாதானத்துக்கும் பொறுப்புக்கூறலுக்குமான ஆதரவுத் திட்டம் என்று அதற்குப் பெயர். அதற்கு முன் மக்களிடம் கேட்க வேண்டுமாம். வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள் தேவை என்றார்கள்.

ஆள் எடுத்தவர் ஒரு காலத்தில் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய அம்மாள். இப்போது அந்தத் திட்டத்துக்கு இங்குள்ள ஒருங்கிணைப்பாளர்.

“கணக்கெடுப்பு அனுபவம் இருக்கா?”

“இருபத்தாறு வருஷம் வீடு வீடாப் போயிருக்கேன் மேடம்.”

“போய் என்ன கேட்டீங்க?”

“மீட்டர் எங்க இருக்குன்னு கேட்டேன்.”

“இங்க மனுஷங்ககிட்டப் பேசணும். அழுவாங்க, கோவப்படுவாங்க.”

“கரண்ட் பில் குடுக்கிறவன்கிட்ட அழாதவங்க உண்டா மேடம்?”

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். வேலை கிடைத்தது. ஆறு பேர் கொண்ட குழுவில் ஊரைத் தெரிந்தவர் அவர்தான் என்பதால், மற்ற ஐந்து பேரையும் அவருக்குக் கீழே விட்டார்கள்.

பயிற்சி நாளில் வெளிநாட்டு ஆலோசகர் வந்திருந்தார். முதுகுப்பையைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்காரும் நெட்டையான பெண். அவர் பேசியதை ஒருங்கிணைப்பாளர் தமிழில் சொன்னார். “நாங்க என்ன நினைக்கிறோம்கிறது முக்கியமில்ல. நீங்க கொண்டு வர்றதை வச்சுத்தான் எங்க அரசாங்கம் முடிவெடுக்கும்.” அப்போது ஆறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மீட்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

“பொறுப்புக்கூறல்னா என்னங்க?”

“செஞ்சவன், ஆமா நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிறது.”

“நம்ம வீட்ல பால் பொங்கி வழிஞ்சாக்கூட யாரும் ஒத்துக்கிறதில்ல. இவங்க கொலைக்கு ஒத்துக்க வைக்கப் போறாங்களாக்கும்” என்றாள் அவள், அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

கேள்விகள் டேப்லட்டில் இருந்தன. ஆரம்பிக்கும் முன் ஒரு பத்தியைப் படித்துக் காட்ட வேண்டும்: ‘நீங்கள் சொல்வது மட்டுமே பதியப்படும். உங்கள் பெயரில் என்ன பதிந்திருக்கிறது என்று எப்போது கேட்டாலும் காட்டப்படும்.’ பிறகு இருபத்திரண்டு கேள்விகள். வீட்டில் எத்தனை பேர், யாரை இழந்தீர்கள், எப்போது, எப்படி. கடைசிக் கேள்விதான் அத்தனைக்கும் அச்சாணி. முதலில் எது நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? நான்கு பதில்கள். குற்றம் செய்தவர்களைக் கோர்ட்டில் நிறுத்துவது. நஷ்டஈடு. காணாமல்போனவர்களைத் தேடி, உயிரோடோ எலும்பாகவோ ஒப்படைப்பது. நடந்தது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்வது. ஒன்றைத் தொட்டால்தான் படிவம் மூடும். தொடாவிட்டால் சிவப்பு நட்சத்திரம் ஒன்று மின்னிக்கொண்டே இருக்கும். பதில் சொல்லாதவர் வீட்டுக்கு மூன்று தடவை, மூன்று வேறு நாளில் போக வேண்டும். மூன்றாம் தடவையும் சொல்லாவிட்டால்தான் ‘பதிலில்லை’ என்ற ஐந்தாவது கட்டம் திறக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு.

முதல் வாரம் ஓடியதே தெரியவில்லை. சந்தையிலும் லாரி ஸ்டாண்டிலும் சங்கக் கட்டடத்திலும் இருந்தவர்கள் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார்கள். “கோர்ட்டு. எழுதுய்யா. கூண்டுல ஏத்தணும் அவனுங்களை.” பத்தில் ஏழு பேர் அப்படித்தான் சொன்னார்கள்.

இரண்டாம் வாரம் அவர் தெருக்களுக்குள் நுழைந்தார். அங்கேதான் சிக்கல். இருபத்தொரு கேள்விக்கும் ஒப்பிப்பதுபோலப் பதில் சொன்ன பெண்கள், இருபத்திரண்டில் நின்றுவிட்டார்கள். ஒருத்தி சுவரைப் பார்த்தாள். ஒருத்தி மடியில் இருந்த துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். ஒரு பெரியவர், “இரு தம்பி, வர்றேன்” என்று உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை. நட்சத்திரம் மின்னிக்கொண்டிருந்தது. அடுத்த தெருவில் ஏழு வீடு பாக்கி இருந்தது.

அப்போது அவருக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. கதவு திறந்திருந்தாலும் வீடு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். சராசரி என்ன? கோர்ட்டு. கோர்ட்டைத் தொட்டார். படிவம் மூடியது. பழைய கைநோட்டை எடுத்து வீட்டு எண்ணை எழுதி, பக்கத்தில் ஒரு சுழி போட்டார். கை தானாகப் போட்டது.

குழுவில் கண்ணாடிக்காரர் என்று ஒருவர். குண்டு விழுவதற்கு முன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் சாயங்காலம் டேப்லட்டை மேஜைமேல் எறியாத குறையாக வைத்தார். “ஒரு வீட்ல ஒண்ணரை மணி நேரம் உக்காந்தேங்க. கடைசிக் கேள்விக்கு வாயே தொறக்கல. இந்த நட்சத்திரம் என் கனவுல வருது.”

மற்ற நான்கு பேரும் ஆமாம் போட்டார்கள். மீட்டர் தொழில் ரகசியத்தை எடுத்துவிட்டார். “பேசாதவங்க பூட்டின வீடு மாதிரி. சராசரியைப் போட்டுட்டு நடையைக் கட்டு. நின்னா பொழுது போயிடும்.”

“சராசரின்னா?”

“எல்லாரும் எதைச் சொல்றாங்களோ அது.”

அதன்பிறகு குழு ஒரு நாளும் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் மெச்சினார்.

சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு வீடு முடிந்து கால் கடுத்தபோது, அடுத்த வீடு அவருடைய அக்கா வீடாக இருந்தது. வேறு யாரும் வந்தால் அக்கா பேசமாட்டாள், நாமே முடித்துவிடலாம் என்று உள்ளே போனார்.

அக்காவின் கணவரை, அவருடைய அத்தானை, சண்டையின் மூன்றாம் வருடத்தில் பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்துக்கொண்டுபோனார்கள். அக்கா அதை டேப்லட்டைப் பார்த்தபடியே சொன்னாள். காலை பதினொரு மணி. வெளிர்நீலச் சட்டை. மூன்று பேர். அதில் ஒருவன் இவர்கள் தையல் கடையில் பேன்ட் தைத்துக்கொண்டவன். அளவெடுத்தது அத்தான்தான். இடுப்பு முப்பத்திரண்டு. அதைக்கூடச் சொன்னாள். இருபத்தொன்று வரை அப்படியே வந்தது.

“முதல்ல எது நடக்கணும்னு விரும்புறேக்கா?” நான்கையும் படித்தார்.

அக்கா அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஒரு தடவை பிரிந்தது, மூடியது. “தண்ணி குடிச்சியா நீ?” என்று எழுந்து உள்ளே போனாள். டம்ளரோடு திரும்பி வருவதற்குள் அவர் படிவத்தை மூடிவிட்டார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுக்கா.”

நோட்டில் நூற்று நாற்பத்து மூன்றாவது சுழி அது.

ஆறு மாதம் கழித்துத் திட்டம் புத்தகமாக வந்தது. பளபளவென்ற அட்டை. நகரசபை அரங்கத்தில் வெளியீடு. வெளிநாட்டிலிருந்து அதற்கென்றே ஓர் உயரதிகாரி வந்திருந்தார். திரையில் ஒரு பெரிய வட்டம், அதில் முக்கால்வாசி நீலம். “இந்த மக்கள் ஒரே குரலில் பேசியிருக்கிறார்கள்” என்றார் அவர். “நூற்றுக்கு எழுபத்தாறு பேர், முதலில் நீதிமன்றம் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் குரலுக்கு எங்கள் அரசு தலைவணங்குகிறது.” விசாரணை அதிகாரிகளுக்குப் பயிற்சி, சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, தனி நீதிமன்றத்துக்குக் கட்டடம் என்று அடுக்கினார். ஆறு பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். கைதட்டல் அடங்க நேரமானது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதே புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. காணாமல்போனவர்களைத் தேடித் தருவதை முதலாவதாகக் கேட்டவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே என்பதால், தோண்டி அடையாளம் காணும் பிரிவுக்கான ஆதரவு வருடக் கடைசியோடு நிறைவடையும். அந்தப் பக்கத்தை அன்று யாரும் திரையில் காட்டவில்லை. மீட்டரும் அவ்வளவு தூரம் புரட்டவில்லை.

அந்தப் பிரிவை ஊரில் எலும்பு ஆபீஸ் என்பார்கள். பழைய பிரசவ ஆஸ்பத்திரியின் பின்கட்டு. குழிகளில் கிடைத்ததைக் கழுவி, எண் போட்டு, தட்டுகளில் அடுக்கிவைத்திருந்தார்கள். காணாமல்போனவர்களின் ரத்த சொந்தங்கள் ரத்தம் கொடுத்துவிட்டு வர வேண்டும். பொருந்தினால் கூப்பிடுவார்கள். அத்தானுக்காக அத்தானின் தங்கை ரத்தம் கொடுத்திருந்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமைதோறும் போய்க் கேட்டு வருவது அக்காதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு முழங்கால் வலி. மீட்டர் துணைக்குப் போனார். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குப் பின் புதிய பரிசோதனைகள் நடைபெறாது. அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு உள்ளே போனாள். மேஜையில் இருந்த பெண், ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, நல்ல விதமாகத்தான் சொன்னாள்.

“நாங்க என்னம்மா பண்றது? ஜனங்க இதைக் கேக்கல. கோர்ட்டுதான் வேணும்னுட்டாங்க. வீடு வீடாப் போய்க் கேட்டிருக்காங்க, புக்குலயே போட்டிருக்கு.”

“மிச்சம் இருக்கிறதெல்லாம்?”

“முந்நூத்திப் பன்னெண்டு தட்டு இருக்கு. என்ன பண்றதுன்னு இன்னும் சொல்லல.”

மீட்டர் பார்வையைத் திருப்பினார். திருப்பின பக்கமும் தட்டுகள்தான் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒட்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க எண்ணைப் படித்த கண், அவற்றையும் வரிசையாகப் படித்துக்கொண்டே போனது, நிறுத்த முடியவில்லை.

திரும்பி வரும்போது அக்கா காலை இழுத்து இழுத்துப் பாதி வழி வரை வந்தாள். பிறகு நின்று, ஒரு கடையின் மூடிய ஷட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னாலதான் தம்பி.”

“என்னது?”

“நீ வந்து கேட்டேல்ல. எலும்பாச்சும் குடுங்கன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். அதைச் சொன்னா அவர் செத்துட்டார்னு நானே சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு வாய் வரல. தண்ணி எடுக்கிற சாக்குல உள்ள போயிட்டேன். என்னை மாதிரி எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பாங்க. நான் சொல்லியிருக்கணும். ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாம அவரை அந்தத் தட்டுலயே விட்டுட்டேன்.”

அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். நீ ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்று ஐந்தே வார்த்தை. ஷட்டரில் சாய்ந்திருந்த அக்காவின் கையைப் பார்த்தார். தையல் மெஷினின் ஊசி ஏறி நகம் கறுத்த விரல்.

“வாக்கா, வெயில் ஏறுது” என்றார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கைநோட்டை வாங்கி, ஒவ்வொரு தாளாகப் புரட்டிச் சுழிகளை எண்ணினாள். இருநூற்றுப் பதினொன்று.

“இதைக் கிழிச்சுப் போட்டா யாருக்கும் தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“அப்ப எதுக்கு எங்கிட்டச் சொன்னீங்க?” அவளே தொடர்ந்தாள். “அக்கா தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க.”

“மொதல்ல ஆபீஸ்ல சொல்றேன். அதான் முறை.”

“ஆபீஸ் ரெண்டு பஸ் மாறிப் போகணும். அக்கா வீடு பின்னாடித் தெரு” என்றாள் அவள்.

அவர் இரண்டு பஸ் மாறிப் போனார்.

ஒருங்கிணைப்பாளர் அவர் சொன்னதைக் கேட்டு முடித்து, எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“என் வீட்டுக்காரிகிட்ட.”

“மத்த அஞ்சு பேரும்?”

“நான்தான் சொல்லிக் குடுத்தேன் மேடம். அவங்க நோட்டு எதுவும் வச்சுக்கல. எது நெஜம், எது போட்டதுன்னு அவங்களுக்கே தெரியாது.”

அந்த அம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு ஒண்ணு புரியுதா? ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன், இந்தப் பக்கம் ஒளிஞ்சிருக்கிறவன், ஆளைத் தூக்கினவன் எல்லாம் இந்தக் கோர்ட்டு வரக் கூடாதுன்னு காத்துக்கிட்டிருக்கான். கணக்கெடுப்பே பொய்னு தெரிஞ்சா, கோர்ட்டும் பொய்ம்பான். ரெண்டும் போயிடும். எலும்பும் வராது, கூண்டும் வராது.”

அது உண்மைதான். அவருக்கு அது தோன்றவே இல்லை. ஒரு கணம் அவருக்குள் ஒரு நிம்மதி வந்தது: சொல்லாமலிருப்பதற்கு இத்தனை நல்ல காரணம் இருக்கிறதே என்று. அந்த நிம்மதிதான் அவரைக் கூசவைத்தது. நோட்டை மேஜைமேல் வைத்தார்.

“எங்க அக்கா கேட்டது கோர்ட்டு இல்ல மேடம். எங்க அக்கா எதுவுமே கேக்கல. அவங்க கேட்டதா நான்தான் எழுதினேன். ஒவ்வொரு வீட்லயும் ஒரு பத்தி படிச்சேனே, அவங்க பேர்ல என்ன இருக்குன்னு கேட்டா காட்டுவோம்னு. யாராச்சும் கேட்டா எதைக் காட்டுவீங்க?”

ஒருங்கிணைப்பாளர் நோட்டைத் தொடவில்லை. பிறகு ஃபோனை எடுத்து ஆலோசகரைக் கூப்பிட்டார்.

நெட்டைப் பெண் வந்தார். அன்று முதுகுப்பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். நோட்டின் தாள்களைப் புரட்டி, சுழிகளின்மேல் விரல் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஒருங்கிணைப்பாளர் மொழிபெயர்த்தார். “நாலு பதில் இருந்துச்சே. ஏன் கோர்ட்டு?”

“அதான் சராசரி” என்றார் மீட்டர். தன் வாயால் அதைச் சொல்லிக் கேட்டபோது, காது மடல்வரை சுட்டது. சந்தையில் சத்தம் போட்டவர்களின் பதிலை எடுத்து, ஆளைத் தொலைத்துவிட்டு வாய் வராமல் உட்கார்ந்திருந்தவர்கள் வாயில் திணித்ததற்குப் பெயர் சராசரி.

ஆலோசகர் மெதுவாக ஏதோ சொன்னார். “ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடுன்னு போட்டது நான்தான்னு சொல்றாங்க” என்றார் ஒருங்கிணைப்பாளர். “அந்த நட்சத்திரத்தை வச்சதும் அவங்கதானாம். ஆனா அங்க அவங்க மந்திரி பாராளுமன்றத்துலயே எழுபத்தாறுன்னு சொல்லிட்டார். அதைத் திருப்புறது இவங்க கையில இல்ல.”

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. திட்டம் திருத்தப்படாது. ஆனால் எலும்பு ஆபீஸில் ஓர் ஆளும் குளிர்அறையும் இன்னும் மூன்று மாதம் இருக்கும். அதற்குள், நோட்டில் இருக்கிற இருநூற்றுப் பதினொரு வீடும் மறுபடி கேட்கப்படும். கேட்பது கண்ணாடிக்காரர். மீட்டருக்கு இனி டேப்லட் கிடையாது, வேலையும் கிடையாது. ஆனால் அவர் கூடப் போக வேண்டும். ஒவ்வொரு கதவிலும் நின்று, உங்கள் பெயரில் நான் என்ன போட்டேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கேள்வி. ஒரு நாளைக்கு இத்தனை என்று எண்ணிக்கை கிடையாது. அந்த நிபந்தனையை எழுதியவர் ஆலோசகர்.

“நோட்டுல இருக்கிற வரிசைப்படியே போவோம்” என்றார் மீட்டர். “அப்பதான் விட்டுப்போகாது.” கண்ணாடிக்காரர் சரி என்றார்.

முதல் கதவில் அவருக்கு நாக்கு புரளவில்லை. “போன தடவை வந்தப்ப, நீங்க சொல்லாததை…” என்று இழுத்தார். அந்த வீட்டுப் பெண், “என்ன, பில் தப்பா வந்திடுச்சா?” என்றாள். முழுதாகச் சொன்னதும் அவள் முகம் மாறியதைப் பார்க்காமலிருக்க, நிலைப்படியைப் பார்த்தார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள், அதை மட்டும் அவர் குடிக்காமலே திருப்பிக் கொடுத்தார். லாரி ஓட்டும் ஒருவர், “என் தம்பி பேர்ல நீ யாருய்யா தீர்ப்பு சொல்ல?” என்று உண்மையிலேயே சட்டையைப் பிடித்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. கண்ணாடிக்காரர் விலக்கப்போனார். “விடுங்க, பிடிக்கட்டும்” என்றார் மீட்டர்.

“நானும்தானே போட்டேன்” என்றார் கண்ணாடிக்காரர் தெருவில் இறங்கியதும். “எங்கிட்ட நோட்டு இல்லாததால நான் யோக்கியன் மாதிரி நிக்கிறேன். இதைவிட அவர் என் சட்டையைப் பிடிச்சிருக்கலாம்.”

எல்லோரும் எலும்பு கேட்கவில்லை. சிலர் கோர்ட்டுதான் என்றார்கள், இந்தத் தடவை தங்கள் வாயாலேயே. சில இடங்களில் மறுபடியும் மௌனம். கண்ணாடிக்காரர் டேப்லட்டை மூடிவிட்டு, “நாளைக்கு வர்றோம்மா” என்பார். மறுநாள் போவார்கள்.

பின்னாடித் தெருவுக்கு வர ஐந்து வாரம் பிடித்தது. அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது, உள்ளே தையல் மெஷினின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. அக்கா கதவைத் திறந்து இரண்டு பேரையும் பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

“இது எத்தனாவது வீடு?”

“அக்கா…”

“எத்தனாவது?”

“நூத்தி நாப்பத்து மூணு.”

“நூத்தி நாப்பத்திரெண்டு வீட்ல சொல்லிட்டு எங்கிட்ட வர்றே. மூணாவது வாரமே காய்கறிக்காரம்மா வந்து சொல்லிட்டாங்க. நீ வருவே வருவேன்னு நானும் உக்காந்திருந்தேன்.” குரலை உயர்த்தவில்லை. “ரோட்டுல ஷட்டரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என்னாலதான்னு சொன்னேன். நீ வெயில் ஏறுதுன்னே.”

அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நூற்று நாற்பத்திரண்டு தடவை சொல்லி வாய் பழகியிருந்தது. அது அத்தனை வழுவழுப்பாக வந்தது அவருக்கே கேவலமாக இருந்தது.

அக்கா முழுவதும் கேட்டாள். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்து, “நீங்க உள்ள வாங்க. கேக்க வேண்டியதைக் கேளுங்க. அவர் வெளியிலயே நிக்கட்டும்” என்றாள்.

அவர் என்றாள். தம்பி என்று சொல்லவில்லை.

கதவைச் சாத்தினாள். அவர் நடைபாதையில் நின்றார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், தகரப் பெட்டிக்குள் அக்கா வீட்டு மீட்டர். போன மாதம்தான் இந்தத் தெருவுக்கு மறுபடி லைன் இழுத்திருந்தார்கள். சக்கரம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு விளக்கு எரிகிற வேகம். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. காதை ஒட்டவைத்தால் கேட்கும். அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடிக்காரர் வந்தார். கண் சிவந்திருந்தது.

“சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“என்ன சொன்னாங்க?”

கண்ணாடிக்காரர் டேப்லட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். “உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அவங்க பேர்ல இருக்கிறது அவங்களுக்கு மட்டும்தானாம்.”

உள்ளே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. மீட்டர் சுவரில் இருந்த சக்கரத்தைப் பார்த்தார். அது வேகம் பிடித்திருந்தது. நோட்டை எடுத்து, நூற்று நாற்பத்து மூன்றின் சுழியைக் குறுக்கே ஒரு கோட்டால் அடித்தார். பக்கத்தில் எழுத அவரிடம் எதுவும் இல்லை.

“அடுத்தது யார் வீடு?” என்றார் கண்ணாடிக்காரர்.

“மூலை வீடு. பச்சைக் கேட்டு. ரெண்டு பையனுங்களைக் காணோம்” என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார்.